குடும்பத்தோடு வாழ ஏற்ற ஊர்

மணி பத்து ஐம்பது ஆகியும் அந்த ஃபின்லாந்து அம்மாள் கேள்வியை விடுவதாக இல்லை. மழலையர் பள்ளியில் ஆங்கிலம் பேசும் ஆசிரியைகள் எத்தனை பேர், அதில் நிரந்தர வேலையில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டு, என் பதிலைப் பொறுமையாகக் குறித்துக்கொண்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டினார். எனக்கு ஜன்னல் பக்கமே கண் போனது. கீழே சந்தைத் திடலில் மேளம் தொடங்கிவிட்டது. அன்று பெண்கள் திருவிழா; பதினொன்று பதினொன்றுக்கு ஊரே பெண்கள் கைக்குப் போய்விடும். அதற்குள் இந்த மூன்று பேரையும் காரில் ஏற்றி, ரைன் பாலத்தைத் தாண்டி, போயல் கரையில் இருக்கும் குடியிருப்புகளைக் காட்டி, வயிறாரச் சாப்பிட வைத்து, விமான நிலையத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது என் மேலதிகாரி கிளாசனின் திட்டம். திட்டம் போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

நாற்பது வருஷத்துக்கு மேல் எங்கள் பான் நகரம் ஒரு நாட்டுக்குத் தலைநகராக இருந்தது. பிறகு ஒருநாள் நாடாளுமன்றத்தில் ஓட்டு எடுத்தார்கள், பெர்லின் ஜெயித்தது. அமைச்சகங்களும் தூதரகங்களும் கிளம்பிவிட்டால் இத்தனை கட்டடங்களை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா என்று ஊரே தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, யாரோ ஒரு புண்ணியவான் சொன்னார்: சர்வதேச அமைப்புகளைக் கூப்பிடுவோம். நகராட்சியில் இரண்டு அறை ஒதுக்கினார்கள். ஒன்றில் கிளாசன், மற்றொன்றில் நானும் ஒரு ஃபேக்ஸ் இயந்திரமும். ஆறு வருஷமாக, பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் ஊரைச் சிங்காரித்து உட்கார வைப்பதுதான் என் உத்தியோகம். வருகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வாடகையில்லாக் கட்டடம் உண்டா, வரி விலக்கு உண்டா, ஆங்கிலப் பள்ளி உண்டா, வேலைக்கு வருகிறவரின் கணவனுக்கோ மனைவிக்கோ இங்கே வேலை செய்ய அனுமதி உண்டா, விமான நிலையம் எத்தனை நிமிஷம், பனிக்காலத்தில் எத்தனை நிமிஷம் என்று வாயைத் திறந்தால் மூட மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே உண்டு என்று சொல்ல வேண்டும். சிரித்துச் சிரித்து எனக்குத் தாடை வலி நிரந்தரமாகிவிட்டது.

இந்த முறை வந்திருந்தது நிலத்தடி நீர்ச் செயலகத்துக்கு ஊர் தேர்ந்தெடுக்கும் மூவர் குழு. அந்தச் செயலகம் நாற்பது நாடுகள் சேர்ந்து புதிதாகத் தொடங்கும் சின்ன அமைப்பு, அறுபது வேலைகள். கடைசிச் சுற்றில் மூன்று ஊர்கள் மிச்சம். நாங்கள், ஆல்ப்ஸ் மலைப்பக்கம் ஒன்று, அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் ஒன்று. அவர்களுக்காக நாங்கள் தயாரித்த விண்ணப்பம் நூற்று நாற்பது பக்கம். நாலாம் அத்தியாயம் முழுக்க என் கைவண்ணம். தலைப்பு, 'குடும்பத்தோடு வாழ ஏற்ற ஊர்'.

அந்தத் தலைப்பை நான் வேலைக்காக மட்டும் எழுதவில்லை. என் கணவன் வின்ஃப்ரீட் அமைச்சகத்தில் நீர்வளப் பிரிவில் இருந்தான். அவன் பெயர் பெர்லினுக்குப் போகும் முதல் பட்டியலில் இருந்தது. இந்தச் செயலகம் எங்கள் ஊருக்கு வந்தால், அதோடு ஒத்துழைக்க அமைச்சகத்தின் பன்னிரண்டு பேர் இங்கேயே நிறுத்தப்படுவார்கள். நீர்வளத்தில் அவனை விட மூத்தவர் இல்லை என்பதால் முதல் இடம் அவனுக்கு. வராவிட்டால் அவன் போக வேண்டும். நாங்கள் மூவருமாகப் போக முடியாது. எங்கள் மகள் உல்லிக்கு அப்போது இருபத்தேழு வயது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவள். போயலில் அவளைப் போன்றவர்கள் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் மேசைவிரிப்பு மடிக்கிறாள். வீட்டிலிருந்து சலவைக்கூடம் வரை எழுநூறு அடி தூரம், அதில் இருக்கும் ஒவ்வொரு நாயின் பெயரும் அவளுக்குத் தெரியும். அவளை வேரோடு பிடுங்கி எழுபது லட்சம் கால்கள் நடக்கிற மாதிரி இருக்கும் அந்த ஊரில் கொண்டுபோய் நட முடியாது. முந்தின வருஷம் வின்ஃப்ரீட் ஆறு மாதம் பெர்லினில் தற்காலிகமாக இருந்தான். ஞாயிறு மாலை ரயிலேறுவான். திங்கட்கிழமை முழுக்க உல்லி சாப்பிட மாட்டாள். கெஞ்சினாலும் மாட்டாள், அதட்டினாலும் மாட்டாள். இருபத்தாறு திங்கட்கிழமைகள். நான் எண்ணியிருக்கிறேன்.

ஆகவே அந்த ஃபின்லாந்து அம்மாள், திருமதி லெஹ்தோ, மழலையர் பள்ளியைப் பற்றி இன்னும் நூறு கேள்வி கேட்டிருந்தாலும் நான் பதில் சொல்லியிருப்பேன்.

அவர் பேனாவை மூடியபோது பதினொன்று இருபது. வெளியே வந்தால் கிளாசனின் கார் நகர வழியில்லை. திடல் முழுக்கப் பெண்கள். நோன்புக் காலத்துக்கு முந்தின வியாழக்கிழமை அது. பாட்டிலோடு பாடுகிறவர்கள், பாட்டில் இல்லாமலே பாடுகிறவர்கள், மீசை வரைந்துகொண்டு நடக்கும் வங்கிக் காசாளர்கள். வருஷம் முழுக்க வாயைத் திறக்காத எங்கள் வரிப் பிரிவு ரெனாட்டே ஒரு காவல்காரரின் தொப்பியைப் பறித்துப் போட்டுக்கொண்டு போனாள்.

"நடந்தே போயிடலாம், பாலம் பக்கந்தான்," என்றார் கிளாசன். நெற்றியில் வியர்வை. பிப்ரவரிக் குளிரில் வியர்வை.

பாலத்தில் நடக்கும்போது, போயல் கரையைப் பார்த்துப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டிருக்கும் கல் பொம்மை எது என்று திருமதி லெஹ்தோ கேட்டார். பாலம் கட்டக் காசு தரமாட்டோம் என்ற போயல்காரர்களுக்கு எங்கள் ஊர் தந்த மரியாதை அது. கிளாசன், "ரெண்டு கரைக்கும் உள்ள நட்புக்கு அடையாளம்," என்று சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் நடந்தார். நான் இருமினேன். சிலி நாட்டுக்காரர் அராயா நமுட்டுச் சிரிப்புச் சிரித்தார். அவர் கெட்டிக்காரர். திடலில் நாலு ஆண்களைப் பார்த்ததுமே சங்கதி புரிந்து, தன் டையை அவிழ்த்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டுவிட்டார்.

மூன்றாமவர் மொலேஃபே. போட்ஸ்வானாக்காரர், அறுபது வயதிருக்கும், உயரமான ஒல்லி மனிதர். காலையிலிருந்து இரண்டே கேள்விதான் கேட்டிருந்தார். இரண்டு வாரத்தில் இரண்டு கண்டம் சுற்றி வந்த களைப்பு கண்ணில் தெரிந்தது. அவர் கழுத்தில் டை அப்படியே இருந்தது. பழுப்பு நிறம், நடுவில் சின்னதாக நீலத் துளிகள்.

எனக்கு அப்போதுகூட உறைக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. அன்றைக்கு எங்கள் ஊர் ஆண்கள் எல்லோரும் கிழிசல் டையைத்தான் கட்டுவார்கள். பெண்கள் கத்தரிக்கோலோடு வருவார்கள், வெட்டுவார்கள், ஈடாகக் கன்னத்தில் ஒரு முத்தம். அன்று காலையில் வின்ஃப்ரீட் அலமாரிக்கு அடியிலிருந்து சகிக்க முடியாத ஒரு கடுகு மஞ்சள் டையைத் தேடி எடுத்ததைப் பார்த்துக்கொண்டுதான் காப்பி குடித்தேன். ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம் என்பதாலேயே வெளியூர்க்காரருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நூற்று நாற்பது பக்கத்தில் குப்பை எந்தக் கிழமை எடுப்பார்கள் என்பதுகூட இருந்தது. இது இல்லை.

பாலம் இறங்கும் இடத்தில் சலவைக்காரிகள் நின்றார்கள். இந்தக் கூத்தைத் தொடங்கி வைத்ததே போயலின் சலவைக்காரிகள்தான் என்பதால் அந்தக் கரையில் அன்று எல்லாப் பெண்களும் நீல ஏப்ரனும் தலைத்துணியுமாகத்தான் நிற்பார்கள். உல்லியின் சலவைக்கூடக் கூட்டமும் அங்கேதான் இருந்தது. அவள் ஏப்ரனில் ஏற்கெனவே ஏழெட்டு டைத் துண்டுகள் குத்தியிருந்தன. என்னைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. பிறகு எனக்குப் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தாள்.

"அம்மா! இவரோடது முழுசா இருக்கு!"

"உல்லி, வேண்டாம்டீ..."

நான் கை நீட்டுவதற்குள் முடிந்துவிட்டது. சலவைக்கூடத்துக் கத்தரிக்கோல், ஒரே வெட்டு. அவள் எம்பி நின்று மொலேஃபேயின் கன்னத்தில் சத்தமாக முத்தம் வைத்தாள். சுற்றி நின்றவர்கள் 'அலாஃப்' என்று திருவிழாக் கூச்சல் போட்டார்கள். உல்லி துண்டை உயர்த்திக் காட்டினாள், ஊக்கை எடுத்து ஏப்ரனில் குத்திக்கொண்டாள், "அழகா இருக்கு, சொட்டுச் சொட்டா!" என்றாள்.

மொலேஃபே கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. கழுத்தில் மிச்சம் இருந்த அரைச்சாண் துணியை விரல்களால் தடவிப் பார்த்தார். வெட்டுப்பட்ட ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கியது. அந்த நூலை மெதுவாக விரலில் சுற்றினார்.

கிளாசன் என் காதருகே வந்தார். "யாரு இந்தப் பொண்ணு? யார் கூட வந்தது? யாராவது புடிச்சு அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போங்களேன்."

நான் உடனே பதில் சொல்லவில்லை. இதை ஒளிக்க மாட்டேன். இரண்டு மூன்று நொடி நான் வாயைத் திறக்கவில்லை. இருபத்தேழு வருஷத்தில் அவளை என் பெண் என்று சொல்ல நான் யோசித்ததில்லை. அன்று யோசித்தேன். அறுபது வேலை, பன்னிரண்டு பேர், இருபத்தாறு திங்கட்கிழமைகள், எல்லாம் கண் முன்னால் வந்து நின்றது. அவளுக்காகத்தானே இவ்வளவும், அவளை மறைத்தா காப்பாற்றப் போகிறேன் என்று நினைத்தபோது எனக்கே அருவருப்பாக இருந்தது.

"என் பொண்ணு சார்," என்றேன்.

கிளாசனின் முகம் செத்துப்போனது. திருமதி லெஹ்தோவையும் அராயாவையும் அவர் குடியிருப்புகளைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார். மொலேஃபே, "எனக்குக் கால் வலிக்குது, நான் எங்கயாவது உக்காந்துக்கறேன்," என்றார். அவரோடு நான் நின்றேன். உல்லியின் கூட்டம் பாட்டோடு நகர்ந்துவிட்டது.

ஆற்றங்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மூலை மேசை கிடைத்தது. பட்டாணி சூப்பும் கறுப்பு ரொட்டியும் வந்தன. அவர் சூப்பைக் கலக்கிக்கொண்டே இருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். வழக்கத்தை விளக்கினேன். பாதியிலேயே எனக்கு வெட்கமாகப் போய் நிறுத்திவிட்டேன்.

"நூத்தி நாப்பது பக்கம் எழுதினோம் சார். இத ஒரு வரி எழுதல. எங்களுக்குத் தெரியுங்கறதால உலகத்துக்கே தெரியும்னு இருந்துட்டோம். தப்பு எங்களோடதுதான், அவளோடது இல்ல."

"அந்தப் பொண்ண எனக்குத் தெரியும்," என்றார் அவர்.

நான் விழித்தேன்.

"நாலாம் அத்தியாயத்துல இருக்கா. ஆத்தங்கரை பெஞ்சுல ஐஸ்கிரீம் வெச்சிட்டு. பக்கத்துல ஒருத்தர் நிக்கறார்."

நகராட்சி புகைப்படக்காரருக்குப் பணம் ஒதுக்காததால் என் சொந்த ஆல்பத்திலிருந்து எடுத்துப் போட்ட படம் அது. எத்தனையோ குழுக்காரர்கள் எங்கள் விண்ணப்பங்களைப் புரட்டியிருப்பார்கள். இப்படி ஒருவர் நிஜமாகவே படித்திருப்பார் என்று நான் எதிர்பார்த்ததே இல்லை.

"இது எங்க ஊர் டை," என்று கழுத்தைத் தொட்டுக் காட்டினார். "இதே செயலகத்த எங்க தலைநகர் காபரோனியும் கேட்டுச்சு. பத்தொம்பது பேர் வேல பாத்தோம். ஆளுக்கு ஒண்ணு தச்சுக்கிட்டோம். எங்க நாட்டுல காசுக்கே மழைன்னுதான் பேரு மேடம். தண்ணி அவ்வளவு அருமை. கெணறு தோண்டறவன் ஊர்ல நிலத்தடி நீருக்கு ஒரு ஆபீஸ் வெச்சா நியாயமா இருக்கும்னு நெனச்சோம்."

"முதல் சுத்துலயே...?"

"முதல் சுத்துலயே. ரெண்டு வரிக் கடுதாசி. பள்ளிக்கூடம் பத்தாது, விமானம் பத்தாது. அப்புறம் தோத்த நாட்டுக்காரன் ஒருத்தன் குழுவுல இருந்தா நடுநிலையா இருக்கும்னு என்னையே போட்டாங்க." அவர் சிரித்தார், சூப்பைப் பார்த்துக்கொண்டு. "மூணு ஊருக்கும் இதத்தான் கட்டிட்டுப் போனேன். இது என்னன்னு ஒருத்தர் கேக்கல. வெட்டறதுக்காவது உங்க பொண்ணு பாத்தா."

"ரெண்டு வருஷம் முன்னாடி வெள்ளத்துல எங்க வீட்டு நிலவறையில இடுப்பளவு தண்ணி," என்று உளறினேன். "துணி துவைக்கிற மெஷின் மெதந்துச்சு."

"அப்ப உங்களுக்கு நிலத்தடி நீர் அனுபவம் இருக்கு," என்றார். இருவரும் சிரித்துவிட்டோம். அன்று முழுக்க தாடை வலிக்காமல் நான் சிரித்தது அப்போது மட்டும்தான்.

பிறகு அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். "உங்களுக்கு எதுக்கு இது?"

"தலைநகர் மாறிப் போறதால வேலைவாய்ப்பு..."

"அது பக்கம் மூணு. உங்களுக்கு எதுக்குன்னு கேட்டேன்."

விதிப்படி நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். குழுவினரிடம் சொந்தக் கதை பேசுவது பெரிய தப்பு. கிளாசனுக்குத் தெரிந்தால் என் சீட்டைக் கிழித்துவிடுவார். ஆனால் ஆறு வருஷமாக எல்லோரும் என்னிடம் பள்ளிக்கூடத்தையும் விமானத்தையும்தான் கேட்டிருக்கிறார்கள். இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. சொல்லிவிட்டேன். பட்டியலை, பன்னிரண்டு பேரை, திங்கட்கிழமைகளை. சொல்லச் சொல்ல எனக்குக் கண் நிறைந்தது, அதற்காக என் மேலேயே எரிச்சல் வந்தது. பிச்சை கேட்கிற மாதிரி இருந்தது. பிச்சைதான்.

நான் முடித்ததும் அவர் ஆற்றின் பக்கம் திரும்பினார்.

"படத்துல நிக்கறது அவர்தானா?"

"ஆமா. வின்ஃப்ரீட்."

"அவர் கேமராவப் பாக்கல. ஆத்துல எதையோ பாத்துட்டிருக்கார்."

"கப்பல் போயிருக்கும்."

"ம்," என்றார். பிறகு, "நான் உங்களுக்கு எதுவும் சொல்ல முடியாது மேடம். எனக்கு ஒரு ஓட்டு இருக்கு. இருக்கிறவங்களுக்குத்தான் மேல மேல வருது, அது எனக்குத் தெரியும். அதுக்காக இல்லாதவங்களுக்கு நான் எடுத்துக் குடுத்துட முடியாது, அதுவும் தெரியும். இந்த ஓட்டுக்குள்ள யார் வீடும் இல்லன்னு நெனச்சிட்டு வந்தேன். நல்லா இருந்துச்சு அது." ரொட்டியைப் பிய்த்தார். "சூப் ஆறிடுச்சு."

மாலை நான் வீடு திரும்பியபோது உல்லி ஏப்ரனோடே சோபாவில் தூங்கிப்போயிருந்தாள். வின்ஃப்ரீட் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தான். நடந்ததைச் சொன்னேன். டை வெட்டிய கதைக்குச் சிரித்தான். கிளாசனின் முகத்தை நான் செய்து காட்டியதும் இன்னும் சிரித்தான். மொலேஃபேயிடம் நம் கதையைச் சொன்னேன் என்றதும் சிரிப்பு நின்றது.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். அசிங்கமா இருந்துச்சு. ஆனா சொல்லிட்டேன். கெடச்சா நீ போக வேண்டாம்ல?"

"ஆமா. கெடச்சா," என்றான். ஒரே தட்டை முன்னும் பின்னும் துடைத்துக்கொண்டிருந்தான். களைத்திருக்கிறான், அவனுக்கும் இந்தக் காத்திருப்பு பாரம்தானே என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. கையிலிருந்து தட்டை வாங்கி அடுக்கி வைத்தேன்.

முடிவு மார்ச் மூன்றாம் வாரம் வந்தது, செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு. கிளாசன் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். இரண்டுக்கு ஒன்று. எங்களுக்கு. எந்த இரண்டு, எந்த ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், அது வழக்கமில்லை. ஆறு வருஷத்தில் முதல்முறையாக அந்த மனிதர் என்னைக் கட்டிப்பிடித்தார், உடனே மன்னிப்பும் கேட்டார். யாரோ திராட்சை மதுவைத் திறந்தார்கள். வரிப் பிரிவு ரெனாட்டே மேசை மேல் தாளம் போட்டாள். ஊருக்கு விடிந்துவிட்டது என்று கிளாசன் செய்தித்தாள்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் கோப்பையைத் தொடவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு டிராமில் ஏறிவிட்டேன். ஃபோனில் சொல்லிவிடலாம்தான். அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். இன்று செவ்வாய். இனி உல்லிக்கு எல்லாத் திங்களும் செவ்வாய் மாதிரிதான். கோடையில் மூவருமாக எங்கேயாவது போகலாம். குளியலறைக் குழாயை மாற்றலாம். ஒரு வருஷமாக எதையும் மாற்றாமல் வைத்திருந்தோம், போகிற வீட்டுக்கு எதற்கு என்று.

அமைச்சகத்தில் அவன் அறைக் கதவு திறந்திருந்தது. வின்ஃப்ரீட் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மேசைக்கு முன்னால் மண்டியிட்டிருந்தான். அலமாரி காலி. தரையில் ஆறேழு அட்டைப்பெட்டிகள். கடைசிப் பெட்டியின் வாயை ஒட்டிக்கொண்டிருந்தான். பெட்டியின் பக்கவாட்டில் அவன் கையெழுத்தில் பெயரும், பெர்லின் கட்டடத்தின் அறை எண்ணும் இருந்தன.

"கெடச்சிடுச்சு வின்ஃப்ரீட்!" என்று கதவிலேயே சொன்னேன். பெட்டிகளைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். வாய் முந்திக்கொண்டது. "பிரிச்சுடு எல்லாத்தையும். ரெண்டுக்கு ஒண்ணு. நமக்குத்தான்."

அவன் எழுந்திருக்கவில்லை. ஒட்டும் நாடாவைக் கையில் சுழற்றினான்.

"ஹெட்விக், கதவ சாத்திட்டு வா."

சாத்தினேன்.

"நான் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"எப்போ? மார்ச் கடைசி வரைக்கும் நேரம் இருக்குன்னு சொன்னியே. போய்க் கேட்டா மாத்திக் குடுப்பாங்க. பன்னெண்டு பேர்ல முதல் பேரு உன்னோடது. நான் கிளாசன் கிட்டச் சொல்லி..."

"ஜனவரியில போட்டேன்."

ஜனவரியில் நான் நாலாம் அத்தியாயத்தை மூன்றாம் முறை திருத்திக்கொண்டிருந்தேன். சமையல் மேசையில், அவனுக்கு எதிரே உட்கார்ந்து. ஒரு வரியை வாசித்துக் காட்டி இது சரியா இருக்கா என்று அவனிடமே கேட்டேன். சரியா இருக்கு என்றான்.

"வராதுன்னு நெனச்சுப் போட்டியா?" என்றேன். ஆமாம் என்று சொல்லிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன். பொய்யாகவாவது சொல்லு.

"இல்ல." அவன் தரையைப் பார்த்தே பேசினான். "வந்துடுமோன்னு பயந்து போட்டேன். அந்த ஆறு மாசம் அங்க ஒரு சின்ன ரூம் இருந்துச்சு, உனக்குத் தெரியும். சாயங்காலம் போய்க் கதவத் தொறப்பேன். உள்ள யாரும் இருக்க மாட்டாங்க. வெளக்கப் போடாம அப்பிடியே உக்காந்திருப்பேன். இருபத்தேழு வருஷத்துல எனக்கு அவ்வளவு நல்லா இருந்ததே இல்ல, ஹெட்விக். நான் கெட்டவன்னே வெச்சுக்கோ. எனக்குப் போகணும்."

"அவ சாப்பிடாம கெடந்தாளே."

"தெரியும்."

"நான்?"

அவன் நாடாவின் நுனியை நகத்தால் தேடிக்கொண்டிருந்தான். நான் மறுபடி கேட்கவில்லை. கத்த வேண்டும் போல இருந்தது. நாடாவைப் பிடுங்கி எறிய வேண்டும் போல இருந்தது. ஆனால் அதற்கெல்லாம் உடம்பில் தெம்பு வேண்டுமே. மூன்று நாட்டு ஆட்களை, அவர்களுக்கு மேலே இருக்கும் நாற்பது நாட்டு ஆட்களை, இந்த ஊரில் வாழலாம் என்று நம்ப வைத்துவிட்டேன். வீட்டில் என் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவனை ஒருநாள்கூட நான் கேட்கவில்லை. அவன் இருக்கத்தான் விரும்புவான் என்பது எனக்குத் தெரிந்த விஷயம் என்பதால் கேட்கத் தோன்றவில்லை.

"உல்லி கிட்ட யார் சொல்றது?" என்று கடைசியில் கேட்டேன்.

"நீ சொன்னா அவ..."

"நீ சொல்லு. இன்னிக்குச் சாயங்காலம். நான் பக்கத்துல இருப்பேன், ஆனா நீதான் சொல்லணும்."

தலையாட்டினான். வாசலில் சுமைதூக்கும் ஆள் வந்து எட்டிப் பார்த்து, "சார், லிஃப்ட் ரிப்பேரு. லாரி பன்னெண்டுக்குக் கெளம்பிடும். என்னால ஒத்த ஆளா இவ்வளவும் ஆகாது," என்று சொல்லிவிட்டு மேலாக இருந்த ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

வின்ஃப்ரீட் எழுந்து, ஒட்டி முடித்த பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கினான். புத்தகங்கள் போலிருக்கிறது, மறுபக்கம் தரையை விட்டு எழவில்லை. முதுகு வலிக்காரன் அவன். முகம் சிவந்தது.

"அந்தப் பக்கம் கொஞ்சம் புடியேன்," என்றான்.

முப்பது வருஷத்தில் எத்தனை சாமான்களை இப்படிச் சேர்ந்து தூக்கியிருப்போம். உல்லியின் தொட்டில், வெள்ளத்தில் நனைந்த அலமாரி. கை அதுபாட்டுக்குப் போய்ப் பிடித்துவிட்டது. கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நடைவழியில் கதவுகளிலெல்லாம் பெயர்ப் பலகைகளைக் கழற்றியிருந்தார்கள், நாலு நாலு ஆணித் துளைகள் மட்டும் இருந்தன. அவன் முன்னோக்கி வந்தான். நான் பின்னோக்கி நடந்தேன். பெட்டிக்கு மேலே அவன் நெற்றியும் கண்களும் மட்டும் தெரிந்தன, அவை என் தோளுக்குப் பின்னால் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"பாத்து, படி வருது," என்றான்.

நான் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, குதிகாலைப் பின்னால் நீட்டி, முதல் படி எங்கே இருக்கிறது என்று துழாவினேன்.